நெஞ்சு எச்.ஆர்.சி.டி. படிக்கத் தொடங்குபவர்களுக்கு: பரவலான நுரையீரல் நோயைப் படிப்படியாக அணுகும் முறை

எச்.ஆர்.சி.டி. (மெல்லிய துண்டுகளாகக் கூர்மையாக எடுக்கும் சி.டி.) படத்தில் இரண்டு நுரையீரலிலும் பரவிக் கிடக்கும் நிழலைக் கண்டதும் ஏதாவது ஒரு நோயின் பெயரைச் சொல்லிவிடத் தோன்றும். புதிதாகப் படம் படிக்க வருபவர்கள் செய்யும் தவறுகளில் பாதி அந்த அவசரத்தில்தான் பிறக்கிறது. நுரையீரல் காற்றறைகளின் சுவர்த் திசுவைத் தாக்கும் இன்டர்ஸ்டிஷியல் நுரையீரல் நோய், சுருக்கமாக ஐ.எல்.டி., என்ற பெயருக்குள் 200-க்கும் மேற்பட்ட நோய்கள் அடங்கும். அவை நுரையீரலில் விட்டுச்செல்லும் தடங்களோ மிகச் சில வகைதான்: புள்ளி, கோடு, வெளுப்பு, கறுப்பு ஓட்டை. படத்தில் தெரிவது தடம். நோயின் பெயர், தடமும் அது இருக்கும் இடமும் நோயாளியின் கதையும் சேரும்போதுதான் கிடைக்கும். ஆகவே பெயரைக் கடைசியில் வையுங்கள்.

இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வது அல்ல. ஐ.பி.எஃப். எனப்படும் காரணமறியா நுரையீரல் நார்த்தழும்பு நோய்க்கு ஒரு காலத்தில் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, அசதியோப்ரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டு மருந்தால் இறப்பு கூடுகிறது என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஸ்டீராய்டு ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் (மூச்சில் இழுக்கும் பொருள்களின் ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சி) நோயாளி பலருக்கு மூச்சைத் திருப்பித் தருகிறது. இரண்டும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலவே தெரியக்கூடும். ஒருவருக்கு எந்தப் பாதை என்பதை நீங்கள் படிக்கப்போகும் சி.டி. பெருமளவு தீர்மானிக்கிறது.

முதல் படி: படத்துக்கு முன் நோயாளி

கோரிக்கைச் சீட்டில் "இருமல், மூச்சுத்திணறல்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்துக்கொண்டு படிக்க உட்காராதீர்கள். நோயாளி காத்திருக்கும் பத்து நிமிடத்தில் கேட்டுவிடக்கூடிய கேள்விகள் இவை. வயது என்ன? தொல்லை தொடங்கி எத்தனை நாள், எத்தனை மாதம்? ஒரு வாரத்தில் வந்த வெளுப்பும் ஒரு வருடத்தில் வந்த வெளுப்பும் படத்தில் ஒன்றுபோல் இருக்கும். முன்னதற்குத் தொற்று, நீர்க்கோர்ப்பு, ரத்தக்கசிவு என்ற திசையிலும், பின்னதற்கு முற்றிலும் வேறு திசையிலும் போக வேண்டும். புகைப்பழக்கம் உண்டா, எத்தனை ஆண்டு? பீடியையும் சேர்த்துக் கேளுங்கள். சிலர் அதைச் சிகரெட் கணக்கில் சொல்வதில்லை.

தொழிலைக் கேட்கும்போது இப்போது செய்யும் வேலையோடு நிறுத்தாமல் இருபது வருடம் முன்பு செய்த வேலையையும் கேளுங்கள். கல் உடைத்தல், கிரானைட் அறுத்தல், மணல் வீசிச் சுத்தம் செய்தல், அஸ்பெஸ்டாஸ் ஷீட் வேலை எல்லாம் காலம் தள்ளித்தான் தம்மைக் காட்டும். வீட்டில் புறா வளர்க்கிறார்களா, பால்கனியிலோ ஏ.சி. வெளிப்பெட்டி மேலோ புறா அடைகிறதா, தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் உண்டா, சுவரில் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். "ஏதாவது அலர்ஜி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். இந்தியாவில் 1,084 ஐ.எல்.டி. நோயாளிகளைச் சேர்த்து 2017-இல் வெளியான பதிவேட்டில் முதலிடம் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸுக்குத்தான்: 47.3 சதவீதம். ஐ.பி.எஃப். 13.7 சதவீதம். மேலைநாட்டுப் பாடநூல்களைப் படித்துவிட்டு ஐ.பி.எஃப்.-ஐயே முதலில் தேடுபவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏர்கூலரைத் தனியாகக் கேட்கும் வழக்கமும் அந்தப் பதிவேட்டுக்குப் பிறகு வலுப்பட்டது.

மருந்துகளில் அமியோடரோன், நைட்ரோஃபுரான்டாயின், மெத்தோட்ரெக்ஸேட், பிளியோமைசின் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மூட்டு வலி, காலை விறைப்பு, கண்ணும் வாயும் வறள்வது, குளிரில் விரல் நுனி வெளுத்து நீலம் பாய்வது ஆகியவை இருந்தால் மூட்டுவாத வகை நோய்கள் பின்னால் இருக்கலாம். கடைசியாக, பழைய எக்ஸ்ரேயும் பழைய சி.டி.யும். மடித்து மஞ்சள் பையில் வைத்திருக்கும் அந்த ஐந்து வருடத்துப் படம் பல நேரம் விலை உயர்ந்த பரிசோதனைகளைவிட அதிகம் சொல்லும்.

இரண்டாம் படி: மேசையில் நடக்க வேண்டியவை

மோசமாக எடுத்த எச்.ஆர்.சி.டி.யை நன்றாகப் படிக்கவே முடியாது. இந்தப் பகுதி டெக்னீஷியனுக்கு மட்டும் என்று தள்ளிவிடாதீர்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஐ.எல்.டி.க்கான படத்துக்கு கான்ட்ராஸ்ட் மருந்து தேவையில்லை. அது ரத்தக் குழாய்களை வெளுப்பாக்கி, மெல்லிய வெளுப்பு இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிடும். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அது வேறு கேள்வி, வேறு ஸ்கேன். எச்.ஆர்.சி.டி. எடுக்கும்போது நுரையீரல் முழுவதையும் இடைவெளியில்லாமல் ஸ்கேன் செய்து, 1.5 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாக, கூர்மையான கெர்னலில் (படத்தைக் கணக்கிடும் வடிகட்டியில்) மறுஉருவாக்கம் செய்ய வேண்டும். குழாய் மின்னழுத்தம் பொதுவாக 120 கிலோவோல்ட். சுழற்சி நேரம் இயந்திரம் அனுமதிக்கும் அளவுக்குக் குறைவாக, பிட்ச் (ஒரு சுழற்சிக்கு மேசை நகரும் விகிதம்) அதிகமாக இருக்கட்டும். நோயாளி மூச்சடக்கும் நேரம் குறையும், அசைவும் குறையும். 5 மி.மீ. துண்டுகளை மட்டும் சேமித்துவிட்டு மூலத்தரவை அழித்துவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் செய்ய முடியாது. 5 மி.மீ. படத்தில் அருகருகே உள்ள நுண்கோடுகள் கலந்து வெறும் வெளுப்பாகத் தோன்றும். தழும்பு இருப்பவருக்கு "அழற்சி" என்று எழுதிவிட நேரும்.

முழுமையான பரிசோதனை என்பது மூன்று சுற்று.

முதல் சுற்று மல்லாந்து படுத்து, மூச்சை முழுவதும் இழுத்து அடக்கி எடுப்பது. இரண்டாவது மல்லாந்தபடியே, மூச்சை முழுவதும் வெளியேற்றி எடுப்பது. சிறு மூச்சுக்குழல்களில் காற்று சிக்கிக்கொள்கிறதா என்று இதில்தான் தெரியும். இதைத் தொடர்ச்சியாக எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. 10 முதல் 20 மி.மீ. இடைவெளி விட்டு எடுத்தால் கதிர்வீச்சு வெகுவாகக் குறையும். மூன்றாவது சுற்று குப்புறப் படுக்க வைத்து, மூச்சை இழுத்து எடுப்பது. மல்லாந்து படுத்திருக்கும்போது நுரையீரலின் பின்பகுதி தன் எடையிலேயே சற்று அமுங்கி, நுரையீரல் உறையான ப்ளூராவை ஒட்டி மெல்லிய வெளுப்புப் பட்டையாகத் தெரியும். ஆரம்பநிலை ஐ.எல்.டி.யும் பல நேரம் அதே இடத்தில்தான் தொடங்கும். குப்புறப் படுத்ததும் பட்டை மறைந்தால் அது எடையின் விளைவு. அப்படியே நின்றால் நோய். தேன்கூடு (தழும்பால் உண்டாகும் சிறு காற்றறைக் கொத்து) வெளிப்படையாகத் தெரியும் முற்றிய நோய்க்கு மூன்றாவது சுற்று வேண்டாம். மூச்சு வாங்கும் முதியவரைத் தேவையில்லாமல் குப்புறப் போடாதீர்கள்.

மூன்று சுற்றிலும் எல்லாவற்றையும்விட முக்கியமானது மூச்சுப் பயிற்சி. நோயாளி மேசையில் ஏறுவதற்கு முன்பே இரண்டு மூன்று முறை செய்து காட்டச் சொல்லுங்கள். "அம்மா, மூச்ச நல்லா உள்ள இழுங்க, இன்னும் இழுங்க, அப்படியே அடக்கிக்குங்க" என்பது முதல் சுற்றுக்கு. இரண்டாவது சுற்றில்தான் குழப்பம் வரும். "மூச்சு விடுங்க" என்று மட்டும் சொன்னால் பலர் சாதாரணமாகச் சுவாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். "விளக்க ஊதி அணைக்கிற மாதிரி முழுசா வெளிய ஊதுங்க, இன்னும் ஊதுங்க, இப்ப இழுக்காம நிறுத்துங்க" என்று சொன்னால் சரியாகச் செய்வார்கள். இயந்திரத்தில் பதிவுசெய்த குரல் வேறு மொழியில் பேசினால் அதை அணைத்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். மூச்சை நீண்ட நேரம் அடக்க முடியாதவருக்குக் கீழிருந்து மேலாக ஸ்கேன் செய்வது நல்லது. நுரையீரலின் அடிப்பகுதிதான் அதிகம் அசையும், நோயும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அவர் மூச்சை விட்டுவிடுவதற்குள் அந்தப் பகுதி முடிந்துவிடும்.

டி.பி. சந்தேகம் உள்ளவருக்கு முகக்கவசம் கொடுங்கள். முடிந்தால் அன்றைய பட்டியலில் கடைசியாக எடுத்துவிட்டு அறைக்குக் காற்றோட்டம் கொடுங்கள். கருத்தரிக்கும் வயதுப் பெண்களிடம் கடைசி மாதவிடாய் தேதியைக் கேட்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது. கதிர்வீச்சு அளவு மூச்சிழுத்த முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 1 முதல் 3 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். கதிர்வீச்சைக் குறைக்கும் ஆர்வத்தில் 1 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே இறங்கிவிடாதீர்கள். இரைச்சல் கூடிய படத்தில் நுண்கோடுகள் தொலைந்துவிடும்.

மூன்றாம் படி: இந்தப் படத்தை நம்பலாமா?

நோயைத் தேடுவதற்கு முன் படத்தின் தரத்தைப் பாருங்கள். நுரையீரல் விண்டோவை (திரை காட்டும் கறுப்பு-வெளுப்பு எல்லையை) நடுமட்டம் -600, அகலம் 1500 என்று வையுங்கள். இரு நுரையீரலுக்கும் நடுவிலுள்ள மீடியாஸ்டினத்துக்கு 40, 400. ஒவ்வொரு நோயாளிக்கும் இதே எண்கள் இருக்கட்டும். அகலத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தால் நலமான நுரையீரலும் வெளுத்துத் தெரியும்.

அடுத்து மூச்சுக்குழாயின் பின்சுவர். மூச்சை முழுக்க இழுத்திருந்தால் அது வெளிப்புறம் வளைந்து குழாய் வட்டமாக இருக்கும். தட்டையாகவோ உள்ளே குழிந்தோ இருந்தால் நோயாளி மூச்சை விட்டுக்கொண்டிருந்தார் என்று பொருள். அந்தப் படத்தில் தெரியும் பரவலான வெளுப்பை நோய் என்று எழுத முடியாது. வெளிமூச்சுச் சுற்றில் இதையே தலைகீழாகச் சரிபாருங்கள். அங்கே பின்சுவர் உள்ளே குழிந்திருக்க வேண்டும். வட்டமாகவே இருந்தால் நோயாளி மூச்சை வெளியேற்றவில்லை, "காற்றுச் சிக்கல் இல்லை" என்ற வாக்கியத்தை எழுதும் உரிமை உங்களுக்கு இல்லை.

அசைவு இருக்கிறதா என்று, நுரையீரல் மடல்களைப் பிரிக்கும் ஃபிஷர் கோட்டைப் பாருங்கள். ஒரே ஃபிஷர் இரண்டு கோடாகத் தெரிந்தால் படம் அசைந்திருக்கிறது. இதயத்தை ஒட்டிய லிங்குலாவில் (இடது மேல்மடலின் கீழ்ப்பகுதியில்) துடிப்பால் ஒவ்வொரு ரத்தக்குழாயும் இரட்டித்து, விரிந்த மூச்சுக்குழல் போல ஏமாற்றும்.

நான்காம் படி: லோப்யூலைக் கண்டுபிடியுங்கள்

எச்.ஆர்.சி.டி. வாசிப்பின் அடிப்படை அலகு செகண்டரி லோப்யூல். 1 முதல் 2.5 செ.மீ. அளவில், பல பக்கங்கள் கொண்ட சிறு அறை. நடுவில் ஒரு சிறு மூச்சுக்குழலும் கூடவே ஒரு தமனியும். சுற்றுச்சுவர்களான செப்டாவில் சிரைகளும் நிணநீர் நாளங்களும். நலமான நுரையீரலில் நடுத் தமனி ஒரு புள்ளியாகத் தெரியும். அது ஏறக்குறைய 1 மி.மீ. கனம். பக்கத்திலுள்ள மூச்சுக்குழலின் சுவர் 0.15 மி.மீ. அளவே என்பதால் தெரியாது. ப்ளூராவிலிருந்து 1 செ.மீ.க்குள் மூச்சுக்குழல் எதுவும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அது விரிந்திருக்கிறது அல்லது சுவர் தடித்திருக்கிறது.

இந்த அமைப்பு மனத்தில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூச்சு வழியாக வரும் நோய் லோப்யூலின் நடுவைப் பிடிக்கும். நிணநீர் வழியில் பரவுவது சுவரையும் ப்ளூராவையும் பிடிக்கும். ரத்தம் வழியாக வருவது இடம் பார்க்காமல் எங்கும் விழும்.

ஐந்தாம் படி: புள்ளிகள்

நாட்யூல்களை, அதாவது சிறு புள்ளிகளை, பார்க்கும்போது முதலில் எண்ணாதீர்கள், ஃபிஷரையும் ப்ளூராவையும் பாருங்கள். அங்கே புள்ளி ஒட்டியிருக்கிறதா?

ஒட்டவில்லை, ப்ளூராவிலிருந்து 5 முதல் 10 மி.மீ. தள்ளியே நிற்கின்றன என்றால் அவை லோப்யூல் நடுப்புள்ளிகள். அடுத்த கேள்வி, மொட்டுவிட்ட கிளைபோல் தெரிகிறதா என்பது. "ட்ரீ இன் பட்" என்று எல்லாரும் சொல்லும் அந்த உருவம் சிறு மூச்சுக்குழல்களுக்குள் சீழோ சளியோ அடைத்திருப்பதைக் காட்டுகிறது. நம் ஊரில் மேல்மடலில் இதைக் கண்டால் டி.பி. பரவுகிறதா என்பதே முதல் கேள்வி. மொட்டாக இல்லாமல், ஓரம் மங்கி, மெல்லிய வெளுப்புப் புள்ளிகளாக இரு பக்கமும் நிறைந்திருந்தால் புறாவையும் கூலரையும் பற்றி மறுபடி கேளுங்கள்.

ப்ளூராவிலும் ஃபிஷரிலும் புள்ளிகள் ஒட்டியிருந்தால், அவை கொத்துக்கொத்தாக மூச்சுக்குழல் தண்டைச் சுற்றி இருக்கின்றனவா, அல்லது எங்கும் சீராகத் தூவியதுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்னது நிணநீர்வழிப் பரவல்: சார்காய்டோசிஸ் (காரணமறியா அழற்சி முடிச்சு நோய்), சிலிகோசிஸ் (கல்தூசால் வரும் நோய்), புற்றுநோய் நிணநீர் நாளங்களில் ஊடுருவிய நிலை. பின்னது ரத்தவழிப் பரவல்: மிலியரி டி.பி., அல்லது தைராய்டு போன்ற இடத்திலிருந்து வந்த புற்றுநோய்.

மிலியரி போலத் தெரியும் இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். யானைக்கால் நோய் உள்ள பகுதிகளில் ட்ராபிக்கல் பல்மனரி ஈசினோஃபீலியா வரும். இரவில் இருமல், இளைப்பு, படத்தில் இரு பக்கமும் சிறு புள்ளிகள். டி.பி. சிகிச்சையைத் தொடங்குவதற்கு முன் ரத்தத்தில் ஈசினோஃபில் எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 3,000-ஐத் தாண்டினால் இந்த நோயை நினைக்க வேண்டும். டைஈத்தைல்கார்பமசீன் கிலோவுக்கு 6 மி.கி. வீதம் மூன்று வாரம் என்பது வழக்கமான சிகிச்சை. சில ரூபாய் ரத்தப் பரிசோதனை ஆறு மாத டி.பி. மருந்திலிருந்து ஒருவரைக் காப்பாற்றிவிடும்.

ஆறாம் படி: கோடுகளும் தேன்கூடும்

செப்டா மட்டும் வழவழப்பாகத் தடித்து, கூடவே ப்ளூரா நீரும் பெரிய இதயமும் இருந்தால் முதலில் நுரையீரல் நீர்க்கோர்ப்பை நினையுங்கள். நீர்போக்கி மருந்து கொடுத்துச் சில நாள் கழித்து எடுத்த படத்தில் காணாமல் போகும் "ஐ.எல்.டி."கள் நிறைய. செப்டா மணிகோத்ததுபோல் முடிச்சுமுடிச்சாகத் தடித்திருந்தால் புற்றுநோய் ஊடுருவலையும் சார்காய்டையும் தேடுங்கள்.

வலைபோன்ற கோடுகள் ப்ளூராவை ஒட்டி அடிப்பகுதியில் அதிகமாக இருந்தால் நார்த்தழும்பு. இங்கே நீங்கள் விடை சொல்ல வேண்டியது ஒரே கேள்விக்கு: தேன்கூடு இருக்கிறதா? ப்ளூராவை ஒட்டிக் கொத்தாக அமைந்த சிறு காற்றறைகள், பெரும்பாலும் 3 முதல் 10 மி.மீ. அளவு, தெளிவான சுவர், பக்கத்து அறைகளுக்கிடையே பொதுச்சுவர். அடிப்பகுதியில், ப்ளூராவை ஒட்டி, தேன்கூட்டோடு இருந்தால் அதை யூ.ஐ.பி. (ஐ.பி.எஃப்.-இல் காணும் தழும்பு வடிவம்) என்கிறோம். தேன்கூடு இல்லை, ஆனால் வலைக்கோடுகளும் தழும்பு இழுத்து விரித்த மூச்சுக்குழல்களும் உண்டு என்றால் "யூ.ஐ.பி. ஆக இருக்கலாம்" என்ற இரண்டாம் வகை. சர்வதேச வழிகாட்டுதல் 2018-இல் வகுத்த நான்கு வகைகளில் மற்ற இரண்டு, "உறுதிசெய்ய முடியவில்லை", "வேறு நோய்". 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பொருத்தமான நோயாளியிடம் இரண்டாம் வகைக்கும் பெரும்பாலும் பயாப்ஸி தேவைப்படுவதில்லை.

தேன்கூட்டைச் சொல்வதில் அனுபவசாலிகளே ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. ஏமாற்றுபவை மூன்று. ப்ளூராவை ஒட்டிய எம்ஃபிசீமா (காற்றறைச் சுவர்கள் அழிந்த நிலை) ஒற்றை வரிசையாக, பெரிய அறைகளாக, மெல்லிய சுவரோடு, பெரும்பாலும் மேல்மடலில் இருக்கும். அடுத்து, இழுபட்டு விரிந்த மூச்சுக்குழல்களைக் குறுக்கே வெட்டினால் வட்டமாகத் தெரியும். கொரோனல் (முன்புற), சஜிட்டல் (பக்கவாட்டு) தளங்களுக்கு மாற்றி அடுத்தடுத்த துண்டுகளில் பின்தொடர்ந்தால் அவை குழாயாக நீளும், தேன்கூட்டறை நீளாது. மூன்றாவது, எம்ஃபிசீமா உள்ளவருக்கு நிமோனியாவோ நீர்க்கோர்ப்போ வந்த நிலை. வெளுப்புக்கு நடுவே பழைய ஓட்டைகள் தேன்கூடுபோல் நிற்கும். சில வாரம் கழித்து மறுபடி எடுக்காமல் முடிவு சொல்லக் கூடாது. முதுகெலும்பில் எலும்பு முளைத்த இடத்தை ஒட்டி, வலப்பக்கம் சிறு பட்டையாகத் தெரியும் தழும்பு உராய்வால் வருவது. அதை ஐ.எல்.டி. கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடிப்பகுதியில் இருபுறமும் சமமாக வெளுப்பு, ஆனால் ப்ளூராவை ஒட்டி ஒரு மெல்லிய விளிம்பு மட்டும் தப்பியிருக்கிறது என்றால் என்.எஸ்.ஐ.பி. (மூட்டுவாத வகை நோய்களோடு அடிக்கடி வரும் வடிவம்). உடனே உணவுக்குழாயைப் பாருங்கள். விரிந்து காற்று நிரம்பியிருந்தால் தோல் இறுகும் நோயான ஸ்க்ளெரோடெர்மா இருக்கலாம். விரல்தோலைத் தொட்டுப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வெளுப்பும் திட்டுத்திட்டான நிறமும்

வெளுப்புக்குள் ரத்தக்குழாய் தெரிந்தால் கிரவுண்ட் கிளாஸ், மறைந்துவிட்டால் கன்சாலிடேஷன். கிரவுண்ட் கிளாஸைக் கண்டதும் "இது அழற்சி, ஸ்டீராய்டுக்கு அடங்கும்" என்று முடிவுகட்டாதீர்கள். அந்த வெளுப்புக்குள் மூச்சுக்குழல்கள் கோணல்மாணலாக விரிந்து கிடந்தால் அது படத்தின் கூர்மைக்கு எட்டாத நுண்தழும்பு.

நுரையீரல் திட்டுத்திட்டாகக் கறுப்பும் வெளுப்புமாகத் தெரிந்தால் எது நோயுற்ற பகுதி என்பதே முதல் சிக்கல். கறுப்புத் திட்டிலுள்ள ரத்தக்குழாய்களின் கனத்தை வெளுப்புத் திட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் சமம் என்றால் வெளுப்புப் பகுதியில்தான் நோய். கறுப்பில் மெலிந்திருந்தால் கறுப்புதான் நோய், காரணம் சிறு மூச்சுக்குழலா தமனியா என்று பிரிக்க வேண்டும். வெளிமூச்சுப் படத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். கறுப்பு கறுப்பாகவே நின்று வேறுபாடு கூடினால் காற்றுச் சிக்கல். எல்லாம் சீராக வெளுத்தால் ரத்தக்குழாய் நோய், குறிப்பாக நாள்பட்ட நுரையீரல் ரத்தக்கட்டி. அப்போது கான்ட்ராஸ்ட் ஸ்கேனும் வி.க்யூ. ஸ்கேனும் (நுரையீரலில் காற்றும் ரத்தமும் ஓடுவதை ஒப்பிடுவது) தேவைப்படும். ஒரே படத்தில் வெளுப்பு, இயல்பு நிறம், கறுப்பு மூன்றும் அருகருகே கலந்திருந்து, தழும்பும் இருந்தால் நார்த்தழும்பு நிலைக்குப் போன ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸுக்கு வலுவான சான்று. வெளிமூச்சுச் சுற்றை எடுக்காமல் விட்ட சென்டர்களில் இந்த நோய் எளிதில் தப்பிவிடுகிறது, ஐ.பி.எஃப். என்ற முத்திரை விழுந்துவிடுகிறது.

நீர்க்கட்டிபோன்ற காற்றறைகள் நிறைந்த நோய்கள் அரிது, சுருக்கமாக: இளம் பெண்ணுக்கு நுரையீரல் முழுவதும் ஒரே மாதிரி வட்ட அறைகள் என்றால் எல்.ஏ.எம். (லிம்ஃபாஞ்சியோலியோமயோமடோசிஸ்), சிறுநீரகத்தில் கொழுப்புக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். புகைப்பவருக்கு மேல்மடலில் ஒழுங்கற்ற வடிவ அறைகளும் புள்ளிகளும், அடிக்கோணங்கள் தப்பியிருந்தால் லாங்கர்ஹான்ஸ் செல் நோய். வறண்ட கண், வறண்ட வாயோடு சில அறைகள் என்றால் ஷோகிரன் நோய்.

எட்டாம் படி: இது டி.பி.யா?

தமிழ்நாட்டில் எந்த நெஞ்சுப் படமும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. மேல்மடலின் உச்சி மற்றும் பின்பகுதி, கீழ்மடலின் மேல்பகுதி, கனத்த சுவருள்ள குழி, சுற்றிலும் ட்ரீ இன் பட். இவை சேர்ந்தால் டி.பி. இயங்கிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். உறுதிசெய்வது சளிதான். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட், கூடவே கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். படத்தை மட்டும் வைத்து மருந்து தொடங்கினால் மருந்துக்கு அடங்காத டி.பி.யா என்பது தெரியாமலே மாதங்கள் போய்விடும்.

சார்காய்டும் டி.பி.யும் குழம்பும் இடம் நிணநீர் முடிச்சுகள். சார்காய்டில் இரு ஹைலமும் (நுரையீரலின் வேர்ப்பகுதி) வலது மூச்சுக்குழாய்ப் பக்கமும் சமச்சீராகப் பெருக்கும். டி.பி. முடிச்சு பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்து, கான்ட்ராஸ்ட் கொடுத்தால் நடுப்பகுதி கறுத்து விளிம்பு மட்டும் ஒளிரும். இந்தக் கேள்விக்குக் கான்ட்ராஸ்ட் பயன்படும். ஈபஸ் (மூச்சுக்குழல் வழி அல்ட்ராசவுண்ட்) மூலம் ஊசியில் எடுக்கும் திசுவை நோய்க்கூறு ஆய்வுக்கு மட்டும் அனுப்பாமல், ஒரு பகுதியைச் சலைனில் போட்டு சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய முடியாது, நோயாளி மறுபடி ஊசிக்கு வர வேண்டும். சிலிகோசிஸ் உள்ளவருக்கு டி.பி. வரும் ஆபத்து அதிகம். அவருடைய படத்தில் புதிதாக ஒரு குழியோ ஒருபக்க வளர்ச்சியோ தெரிந்தால் "பழைய சிலிகோசிஸ்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: ரிப்போர்ட்டும் அதற்குப் பிறகும்

ரிப்போர்ட்டின் முதல் வரி படத்தின் தரம்: எத்தனை சுற்று, மூச்சு போதுமா, அசைவு உண்டா. பிறகு எந்தத் தடம் மேலோங்குகிறது, மேல்-கீழ், நடு-விளிம்பு என்று எங்கே இருக்கிறது, தழும்பின் அடையாளம் உண்டா, காற்றுச் சிக்கல் உண்டா. அதன் பிறகே ஒன்று முதல் மூன்று நோய்களின் பெயர், வாய்ப்பு வரிசையில். ஏழு பெயர் எழுதிய ரிப்போர்ட் மருத்துவருக்கு எந்தத் திசையும் காட்டாது.

நுரையீரலோடு நின்றுவிடாமல் நுரையீரல் தமனியின் விட்டத்தை அளந்து எழுதுங்கள். ஆணுக்கு 29 மி.மீ., பெண்ணுக்கு 27 மி.மீ. தாண்டினால், அல்லது பக்கத்து மகாதமனியைவிடப் பெரிதாக இருந்தால் எக்கோ பார்க்கச் சொல்லுங்கள். தழும்புள்ள நுரையீரலில் இந்த அளவை மட்டும் வைத்து நுரையீரல் அழுத்த நோய் என்று முடிவுசெய்யக் கூடாது. தழும்புக்குள் தனியாக வளரும் கட்டி இருக்கிறதா என்று ஒருமுறை மீடியாஸ்டின விண்டோவிலும் தேடுங்கள். ஐ.பி.எஃப். நோயாளிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுதல், கோடுகளுக்கு நடுவே அது எளிதில் ஒளிந்துகொள்ளும்.

சிக்கலான நோயாளியின் படத்தைத் தனியாக உட்கார்ந்து முடிக்க வேண்டாம். நெஞ்சக மருத்துவர், கதிரியலாளர், நோய்க்கூறு நிபுணர், மூட்டுவாத மருத்துவர் சேர்ந்து உட்காரும் கூட்டாய்வில் பயாப்ஸி வேண்டுமா, எந்த வகை, எந்த மடல் என்று முடிவாகட்டும். சார்காய்டுபோல் மூச்சுக்குழல் தண்டை ஒட்டிய நோய்க்கு பிராங்காஸ்கோப் வழியே எடுக்கும் சிறு துண்டு போதும். தழும்பு நோய்க்கு அது போதாது, உறையவைத்துத் துண்டெடுக்கும் க்ரயோ பயாப்ஸியோ அறுவைசிகிச்சையோ தேவைப்படும். தேன்கூட்டுப் பகுதியிலிருந்து துண்டெடுத்தால் முற்றிய தழும்பைத் தவிர வேறெதுவும் தெரியாது. எங்கே நோய் இன்னும் இளசாக இருக்கிறது என்று படத்தில் குறித்துக் கொடுப்பது உங்கள் வேலை.

தொடர்கண்காணிப்பில் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே துண்டுக் கனத்தில், ஒரே விண்டோவில், கரினா (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) போன்ற ஒரே அடையாளத்தில் பொருத்தி வைத்து ஒப்பிடுங்கள். கடைசிப் படத்தோடு மட்டும் ஒப்பிட்டால் மெதுவாக வளரும் தழும்பு ஒவ்வொரு முறையும் "மாற்றமில்லை" என்றே தெரியும். கிடைக்கும் படங்களில் மிகப் பழையதையும் பக்கத்தில் திறந்துவையுங்கள். நோய் முன்னேறுகிறதா என்பதை 2022 வழிகாட்டுதல் ஓராண்டுக்குள் மூன்றில் இரண்டு என்று பார்க்கிறது: தொல்லை கூடுவது, நுரையீரல் திறன் குறைவது, படத்தில் தழும்பு கூடுவது. திறனில் எஃப்.வி.சி. (முழுமூச்சில் ஊதும் காற்றின் அளவு) எதிர்பார்ப்பளவின் சதவீதத்தில் 5 புள்ளி அல்லது டி.எல்.சி.ஓ. (வாயு ரத்தத்துக்குள் கடக்கும் திறன்) 10 புள்ளி குறைந்தால் கணக்கில் வரும். ஆகவே ரிப்போர்ட்டில் "சற்றே கூடியுள்ளது" என்று விடாமல், எந்த மடலில், புதிய தேன்கூடா, விரிந்த மூச்சுக்குழலா, எந்தத் தேதிப் படத்தோடு ஒப்பிட்டது என்று எழுதுங்கள். பழைய தழும்புக்கு மேல் இரு பக்கமும் புதிதாகக் கிரவுண்ட் கிளாஸ் விழுந்து, நோயாளிக்குச் சில நாட்களில் மூச்சு மோசமாகியிருந்தால் அது திடீர் தீவிரமடைதலாக இருக்கலாம். அந்த ரிப்போர்ட் டைப் ஆகி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.